செப்டம்பர் 1 முதல் ஸ்கூல்: ஆன்லைனிலேயே எடுக்கிறேன் என்று கேட்டால் தப்பா?

கணக்கு டீச்சர்
26 ஆகஸ்ட் 2021, இரவு 9.50

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். முப்பத்தோரு வருஷ சர்வீஸ். இந்த மாதத்தோடு 59 முடிந்தது. பன்னிரண்டு வருஷமாக சுகர். வீட்டுக்காரருக்கு ஸ்டென்ட் வைத்து மூன்று வருஷம் ஆகிறது. மகன் ஓசூரில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பழைய கணக்குப்படி போன வருஷம் ஆகஸ்டிலேயே நான் ரிட்டயர்டு ஆகியிருக்க வேண்டும். 2020 மே மாதம் 58-ஐ 59 ஆக்கினார்கள். இந்த பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். கூடுதல் சம்பளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது இதைப் பிடித்துக்கொண்டு வருவீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். 6-ம் தேதி முதலமைச்சர் அறிவித்தபடி கொரோனாவால் மூடிய பள்ளி செப்டம்பர் 1 முதல் 9-ம் வகுப்பு தொடங்கி 12 வரை திறக்கிறது. வகுப்பறைக்கு 20 பேர், சுழற்சி முறை, ஆசிரியர்கள் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். நான் ரெண்டு டோஸும் போட்டாச்சு. அது எப்படிக் கிடைத்தது என்பதைச் சொன்னால்தான் என் ஆத்திரம் புரியும்.

ஜனவரி 19 அன்று பத்துக்கும் பன்னிரண்டுக்கும் பள்ளி திறந்தார்கள், ஞாபகம் இருக்கும். வகுப்புக்கு 25 பேர். நாட்டில் தடுப்பூசி போட ஆரம்பித்து அன்றைக்கு நான்காம் நாள், அதுவும் டாக்டர், நர்ஸ் போன்ற மருத்துவப் பணியாளர்களுக்கு மட்டும். ஆசிரியர் எந்த வரிசையிலும் இல்லை. பிள்ளைகளுக்கு வைட்டமின் மாத்திரையும் ஜிங்க் மாத்திரையும் கொடுக்கச் சொல்லி வந்தது. சானிடைசர் காயாத கையோடு நான்தான் எண்ணி எண்ணிக் கொடுத்தேன். பத்தாவது பி-யில் ஒரு பிள்ளை, "உங்களுக்கு டீச்சர்?" என்றது. எங்களுக்கு வரலைம்மா என்றேன். தன் ஜிங்க் மாத்திரையை எடுத்து நீட்டியது. வேண்டாம் என்று சிரித்து மழுப்பிவிட்டு போர்டு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிப்ரவரி 26-ல் தேர்தல் தேதி வந்தது. தேர்தல் பணிக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் முன்களப் பணியாளர்கள், ஊசி போட்டுத்தான் அனுப்புவோம் என்றது ஆணையம். மார்ச்சில் எனக்கு முதல் ஊசி. ஐந்து வாரமாக வகுப்பறையில் நின்றவள் யாரோ ஒருத்தி. அந்த வகுப்பறைக்கு வாக்குச்சாவடி என்று பேர் மாறியதும் நான் முன்களப் பணியாளர்! உயிர் அதேதான், சுகரும் அதேதான்.

ஏப்ரல் 6 அன்று எனக்கு ஒரு நடுநிலைப் பள்ளியில் டியூட்டி. ஓட்டுப் போட வந்த ஒவ்வொருவருக்கும் வலது கைக்கு ஒரு பாலித்தீன் கையுறை. கடைசி ஒரு மணி நேரம் தொற்று உள்ளவர்களுக்கு என்று ஒதுக்கியிருந்ததால் ஆறு மணிக்கு நாங்கள் கவச உடையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். எங்கள் பூத்துக்கு அப்படி ஒருவரும் வரவில்லை. ஏழு மணிக்குக் கழற்றும்போது சேலை பிழிந்த மாதிரி இருந்தது. கையுறையெல்லாம் காற்றில் பறந்து பள்ளிக்கூட வேலிக் கருவேல முள்ளில் குத்திக் கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வேலி வெள்ளையாகப் பூத்த மாதிரி.

எங்கள் பள்ளி சயின்ஸ் சாருக்கும் அன்றைக்கு வேறு ஊரில் டியூட்டி. மே மாத நடுவில் போய்விட்டார். ஆக்ஸிஜன் படுக்கைக்கு மூன்று ஊர் அலைந்தார்கள். இடையில் ஒரு மாதத்துக்கு மேல் இருப்பதால் பூத்தில்தான் தொற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். அப்போது வீதிக்கு வீதி இருந்தது, மே 21-ல் மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேர். ஸ்டாஃப் ரூமில் என் மேஜைக்கு அடுத்த மேஜை அவருடையது. டிராயர் இன்னும் பூட்டியே கிடக்கிறது.

இப்போது கேள்வி. திங்கட்கிழமை ஸ்டாஃப் மீட்டிங்கில் நான் ஒன்று கேட்டேன். சுழற்சி என்றால் எப்படியும் பாதிப் பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கப்போகிறார்கள். எனக்கும், கிட்னி மாற்றியிருக்கும் இன்னோர் ஆசிரியருக்கும் அந்தப் பாதியைக் கொடுங்கள், வீட்டிலிருந்து போனில் எடுக்கிறோம், நோட்டு திருத்துகிறோம், எமிஸ் வேலை (மாணவர் விவரங்களை ஆன்லைனில் ஏற்றுவது) முழுவதையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றேன். எச்.எம். "மேலே கேட்கணும்" என்றார். சங்கத்துக்குப் போன் போட்டேன். "இப்ப வாயைத் திறக்காதீங்க டீச்சர். ஒன்றரை வருஷம் வீட்டில உட்கார்ந்து சம்பளம் வாங்கினாங்கன்னு ஊரே பேசுது. நீங்க வேற" என்று வைத்துவிட்டார்கள்.

பள்ளி திறக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்போது தினம் 1,500 சொச்சம்தான் வருகிறது, தெரியும். என்னைப் போன்ற நாலு பேருக்கு வேறு மாதிரி வேலை கொடுங்கள் என்று கேட்பது தப்பா?

---

மில்ரோடு தமிழய்யா
26 ஆகஸ்ட் 2021, இரவு 11.15

டீச்சர், கோவிச்சுக்காதீங்க. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. "வீட்டில் இருக்கும் பாதி" என்றீர்களே, அது வீட்டில் இல்லை.

நானும் உங்கள் மாவட்டம்தான், வேடசந்தூர்ப் பக்கம். சுற்றி நூல் மில். ஜூலையில் ஒரு நாள் விடிகாலை டயாலிசிஸுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு பைக்கில் போகிறேன். ஐந்தரை மணி இருக்கும். விலக்கில் மில் வேன் நிற்கிறது. ஏழெட்டுப் பிள்ளைகள் ஏறுகின்றன, எல்லாம் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு. அதில் ஒன்று என்னைப் பார்த்ததும் சட்டென்று குனிந்துகொண்டது. முகம் தெரியவில்லை, ஆனால் குனிந்த விதத்தில் தெரிந்துவிட்டது. செய்யுள் ஒப்பிக்கச் சொன்னால் அப்படித்தான் குனியும். ஒன்பதாவது. எல்லாரையும் பாஸ் போட்டாச்சே, இப்போது பத்தாவது. வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் பிள்ளையின் நம்பர் இருக்கிறது. நான் அனுப்புகிற ஒவ்வொரு பாடத்துக்கும் ரெண்டு நீல டிக் விழும். யார் பார்க்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அந்தப் போன் அவள் அண்ணன் கையில்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா திண்ணையில் உட்கார வைத்து காபி கொடுத்துவிட்டு, "ஸ்கூல் தொறந்தா அனுப்புறேன் சார், தொறக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அதற்கு மேல் நான் என்ன கேட்பேன்? ஒரு நாளைக்கு முந்நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது அந்தப் பிள்ளை.

நீங்கள் போனில் எடுக்கிறேன் என்கிறீர்கள். எடுங்கள். போன் வைத்திருக்கிற பிள்ளை எப்படியும் டியூஷனும் போகும், கல்வித் தொலைக்காட்சியும் பார்க்கும். இல்லாததுக்கு டீச்சர் கண்ணில் பட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் ஒருத்தர் வேண்டும். எனக்கும் 54, எனக்கும் பிரஷர். அப்பா டயாலிசிஸில். ஒன்றாம் தேதி நான் போவேன். பயம் இல்லாமல் இல்லை.

---

மெட்ரிக் மிஸ்
27 ஆகஸ்ட் 2021, காலை 6.30

ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசறீங்க. கவர்ன்மென்ட் சம்பளத்துல உட்கார்ந்து பயப்படறதும் ஒரு வசதிதாங்க.

நான் ப்ரைவேட் ஸ்கூல். பதினோரு வருஷமா அதே ஸ்கூல். 2020 ஏப்ரல்ல பாதி சம்பளம்னாங்க. ஜூன்ல அதுவும் இல்ல. பேரன்ட்ஸ்கிட்ட 75 பர்சன்ட் ஃபீஸ் வாங்கிக்கலாம்னு ஹைகோர்ட் சொல்லிச்சு, அதுல எங்களுக்கு எத்தனை பர்சன்ட் வந்துச்சுன்னு யாரும் கேக்கல. நாலு மாசம் சாம்பார் பொடி, இட்லி பொடி அரைச்சு பாக்கெட் போட்டு வித்தேன். எங்கிட்ட படிச்ச பையனோட அம்மாவே வாங்கினாங்க. பாவம்னு பத்து ரூபா சேத்துக் குடுத்தாங்க. அந்தப் பத்து ரூபாவத் திருப்பிக் குடுக்க வழி தெரியாம நின்னேன் பாருங்க, அது இன்னும் மறக்கல.

இந்த வருஷம் ஜூன்லயே எங்களையெல்லாம் ஸ்கூலுக்கு வரச் சொல்லிட்டாங்க. ஆன்லைன் கிளாஸை ஸ்கூல்ல வந்து உட்கார்ந்து எடுக்கணுமாம்! ஆளில்லாத கிளாஸ்ரூம்ல நான், ட்ரைபாட், என் சொந்த டேட்டா. எதுக்குன்னு கேட்டதுக்கு டிசிப்ளின்னாங்க.

தேர்தல் டியூட்டி உங்களுக்கு கஷ்டம்தான் டீச்சர், இல்லேன்னு சொல்லல. ஆனா அதனாலதானே மார்ச்லயே ஊசி கிடைச்சுது? எனக்கு டியூட்டியும் இல்ல, ஊசியும் இல்ல. ஜூலை கடைசியிலதான் ஃபர்ஸ்ட் டோஸ். கோவிஷீல்டு, 84 நாள் கணக்கு. அக்டோபர்லதான் அடுத்தது. ஒண்ணாம் தேதி பன்னெண்டாவது பசங்க முன்னாடி ஒத்தை டோஸோட நிப்பேன். சுகர் இருந்தா மெடிக்கல் லீவு போடலாம்னு உங்களுக்கு யாராவது சொல்லுவாங்க. நான் லீவு போட்டா அன்னிக்கு சம்பளம் கட். ரெண்டு நாள் போட்டா ஆளே கட்.

கேக்கறது தப்பில்ல, கேளுங்க. கேக்கும்போது எங்களையும் சேத்துக் கேளுங்க. அவ்ளோதான்.

---

கணக்கு டீச்சர்
27 ஆகஸ்ட் 2021, காலை 8.05

மிஸ், உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. எங்கள் பள்ளி சத்துணவு ஆயாவையும் சேர்த்துச் சொல்லுங்கள். போன வருஷம் பூராவும் அரிசி, பருப்பு, முட்டை என்று பெற்றோர்களுக்கு அளந்து போட்டதே அவர்தான். ஒரு நாள்கூட வீட்டில் உட்காரவில்லை. ஊர் எங்களைப் பேசுகிறதே தவிர, அவரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ யாரும் பேசியதே இல்லை.

தமிழய்யா, உங்களுக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். ஒன்று மட்டும் இப்போதே. எனக்கு வகுப்பறையைவிடப் பயமாக இருப்பது பஸ். திண்டுக்கல்லிலிருந்து வெள்ளை போர்டு பஸ். மே மாதத்திலிருந்து பெண்களுக்கு இலவசம், நல்ல திட்டம், நானும் அதில்தான் போகிறேன். ஆனால் காலையில் ஏறினால் கம்பியைப் பிடிக்கவே இடம் இல்லை. அங்கிருந்து இறங்கி இன்னொரு மினி பஸ். பாட்டுப் போட்டுக்கொண்டு, கண்ணாடி எல்லாம் மூடி. வகுப்புக்கு 20 பேர் என்று விதி போட்டவர்கள் மினி பஸ்ஸுக்கு எத்தனை பேர் என்று சொல்லவில்லை.

---

லாரிக்காரன் நாமக்கல்
27 ஆகஸ்ட் 2021, பிற்பகல் 2.20

நடுவுல வந்து பேசறதுக்கு மன்னிச்சுக்கங்க. நான் வாத்தியார் இல்ல. ரெண்டு புள்ளைங்க, ஒண்ணு பத்தாவது, ஒண்ணு ஏழாவது. வீட்ல ஒரே போன், அது எங்கூட லாரில இருக்கு. நான் நாக்பூர்ல இருந்தா ஆன்லைன் கிளாஸும் நாக்பூர்லதான் நடக்கும். போன மாசம் ராத்திரி ஒரு தாபாவுல உக்காந்து முக்கோணவியல் வீடியோ பூரா நானே பாத்தேன், வீட்டுக்குப் போயி பையனுக்குச் சொல்லலாம்னு. சைன் தீட்டா வரைக்கும் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

டீச்சரம்மா உங்க வயசு எங்கம்மா வயசு. எங்கம்மா மே மாசம் போயிருச்சு. நீங்க வீட்ல இருந்தே எடுங்கன்னுதான் எம் மனசு சொல்லுது. ஆனா ஸ்கூலத் தொறந்துருங்க. ரெண்டையும் ஒரே வாய்ல சொல்றேன்னு தெரியுது.

---

ஓய்வுபெற்ற எச்.எம்.
27 ஆகஸ்ட் 2021, இரவு 8.40

தோழர் கணக்கு டீச்சருக்கு வணக்கம். நான் சங்கத்தில் முப்பது வருடம் இருந்தவன். போனில் உங்களுக்கு அப்படிப் பதில் சொன்னவர் யாராக இருந்தாலும் அவர் சார்பில் வருந்துகிறேன்.

கேட்பது தப்பில்லை. வாயால் கேட்டதுதான் தப்பு. எழுதிக் கொடுங்கள். சுகர் அளவு, கணவரின் டிஸ்சார்ஜ் சம்மரி, நீங்கள் செய்யத் தயாராக உள்ள வேலை, எல்லாவற்றையும் ஒரே தாளில். எச்.எம். வழியாக மாவட்டக் கல்வி அலுவலருக்கு. நகலில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். "மேலே கேட்கணும்" என்று சொல்லுகிறவரிடம் மேலே அனுப்ப ஒரு தாள் இருக்க வேண்டுமல்லவா? கிடைக்குமா என்றால், கிடைக்காது. இருந்தாலும் தாள் இருக்க வேண்டும். ஏன் என்பதற்கு உத்தரப் பிரதேசத்தைப் பாருங்கள். அங்கே பஞ்சாயத்துத் தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்கள், ஊழியர்களில் 1,621 பேர் இறந்தார்கள் என்று தொடக்கப்பள்ளி ஆசிரியர் சங்கம் பெயர், ஊரோடு பட்டியல் கொடுத்தது. அரசு முதலில் 3 பேர் என்றது. மூன்று! சங்கத்திடம் பட்டியல் இருந்ததால்தான் அதற்குப் பிறகு பேசவே முடிந்தது.

மருத்துவ விடுப்பு வேண்டாம் என்பது என் யோசனை. நீண்ட நாள் போட்டால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்புவார்கள். அங்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் அரை நாள் நிற்பதைவிட வகுப்பறை எவ்வளவோ மேல்.

இனி நான் சொல்வது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஆந்திராவில் போன நவம்பர் 2-ல் திறந்தார்கள். மூன்று நாளில் 262 மாணவர்களுக்கும் 160 ஆசிரியர்களுக்கும் தொற்று என்று செய்தி வந்ததும் இங்கே நாம் எல்லோரும் அலறினோம். நானும் அறிக்கை எழுதினேன். 16-ம் தேதி திறப்பதாக இருந்ததைத் தள்ளிவைத்தார்கள். அன்றைக்கு அங்கே பள்ளிக்கு வந்த பிள்ளைகள் சுமார் 4 லட்சம், ஆசிரியர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் கணக்கு டீச்சர், போட்டுப் பாருங்கள். ஆபத்து என்று ஒன்று இருந்தால் அது பிள்ளையைவிட ஆசிரியருக்குத்தான் அதிகம். ஆனால் பள்ளியைத் திறக்கலாமா என்று பேசும்போதெல்லாம் நாம் பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, அவர்களுக்கு ஆபத்து, அவர்களுக்கு ஆபத்து என்றே பேசினோம். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்ல நமக்கு வெட்கம். அந்த வெட்கத்தால்தான் தடுப்பூசி வரிசையிலும் இடம் கேட்கவில்லை. ஜூலை 20-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத் (ஐ.சி.எம்.ஆர்.) தலைவர் பல்ராம் பார்கவா சொன்னதைக் கவனித்தீர்களா? தொடக்கப்பள்ளியைக்கூட முதலில் திறக்கலாம், ஆனால் பஸ் டிரைவர் வரை பள்ளியோடு சம்பந்தப்பட்ட எல்லாருக்கும் ஊசி போட்டாக வேண்டும் என்றார். இதை டிசம்பரிலேயே நாம் கேட்டிருக்க வேண்டும். நேற்று முன்தினம்தான் ஒன்றிய சுகாதார அமைச்சர், செப்டம்பர் 5-க்குள் ஆசிரியர் எல்லாருக்கும் போட்டுவிட 2 கோடி டோஸ் கூடுதலாகத் தருகிறோம் என்கிறார். ஆசிரியர் தினப் பரிசாம்.

நடைமுறைக்கு ஒன்று. பயப்பட வேண்டியது ஸ்டாஃப் ரூமுக்கு. வகுப்பில் மாஸ்க் போட்டிருப்பீர்கள். மதியம் எட்டுப் பேரும் ஒரே மேஜையில் மாஸ்க்கைக் கழற்றி, குழம்பை மாற்றிக்கொண்டு, அரை மணி நேரம் பேசுவீர்கள். நான் முப்பத்தைந்து வருடம் செய்ததும் அதுதான். வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டுத் தனியாகச் சாப்பிடுங்கள். வகுப்பு ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் பள்ளியில் எத்தனை ஜன்னல் திறக்கும் என்று ஒன்றாம் தேதிக்கு முன் போய் எண்ணிப் பாருங்கள்.

---

கணக்கு டீச்சர்
27 ஆகஸ்ட் 2021, இரவு 10.30

சார், போட்டுப் பார்த்தேன். பத்தாயிரம் பிள்ளைகளுக்கு ஆறரை, பத்தாயிரம் ஆசிரியர்களுக்குப் பதினாறு. இரண்டரை மடங்கு. ஆனால் இது பள்ளியில் தொற்றியதா, வீட்டிலிருந்து கொண்டுவந்ததா என்று இந்தக் கணக்கு சொல்லாது. மூன்றே நாளில் தெரிந்தது என்றால் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். என் பக்கத்துக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக அரைகுறைக் கணக்கை எடுத்துக்கொள்ள முடியாது.

வெட்கம் என்றீர்கள். அது சரி. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வரவில்லை.

ஜன்னல் எண்ண நாளைக்கே போகிறேன்.

---

கணக்கு டீச்சர்
4 செப்டம்பர் 2021, இரவு 9.15

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். தனிச் செய்தியிலும் நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள்.

தாள் கொடுத்தேன், நகலில் கையொப்பம் வாங்கினேன். பதில் வரவில்லை. கிட்னி மாற்றியவருக்கு மட்டும் எச்.எம். தன் பொறுப்பில் அலுவலக அறையில் எமிஸ் வேலை கொடுத்திருக்கிறார். அவர் அந்த மட்டும் நல்ல மனிதர். எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்றாம் தேதி போனேன், நான்கு நாளும் போனேன். கோபம் தீரவில்லை, எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் இல்லை.

ஜன்னல்: பத்தாவது அறையில் நான்கு. ஒன்று திறந்தது. மற்ற மூன்றும் ஆணி அடித்தவை. ராத்திரி குடிக்க வருகிறவர்கள் பாட்டிலை உள்ளே எறிகிறார்கள் என்று மூன்று வருஷத்துக்கு முன் நாங்களே அடிக்கச் சொன்னதுதான். ஆணியைப் பிடுங்க ஆயாவின் வீட்டுக்காரர் வந்தார், கொத்து வேலைக்காரர். ஒரு கதவு கையோடு வந்துவிட்டது. இப்போது அது ஜன்னல் இல்லை, ஓட்டை. காற்று நன்றாக வருகிறது.

முதல் நாள் வாசலில் தெர்மல் ஸ்கேனர் வைத்து நெற்றியில் காட்டினோம். பாட்டரி போனதோ என்னவோ, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே டிகிரி காட்டியது. பையன்களை அடையாளம் தெரியவில்லை. மாஸ்க் ஒரு பக்கம், ஒன்றரை வருஷ வளர்த்தி ஒரு பக்கம். குரல் உடைந்து, உள்ளே மீசை. "நான்தான் டீச்சர், முதல் பெஞ்சு" என்று ஒருவன் மாஸ்க்கை இறக்கிக் காட்டினான். ஏத்துடா ஏத்துடா என்று நான் கத்த, வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று.

கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், இருந்தாலும் சொல்கிறேன். இருபது பேரில் ஆறு பேருக்கு நீள் வகுத்தல் போய்விட்டது. லாரிக்காரத் தம்பி, முக்கோணவியல் அப்புறம். உங்கள் பையன் மாதிரி பிள்ளைகளுக்கு நான் இப்போது 847-ஐ 7-ஆல் வகுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் பதிலில் நடுவில் உள்ள 2-ஐ விட்டுவிட்டு 11 என்று எழுதுகிறார்கள்.

மதியம் மரத்தடியில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். மூன்றாம் நாள் சோஷியல் மேடம் பத்தடி தள்ளி இன்னொரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். கத்திக் கத்திப் பேசிக்கொள்கிறோம். மறைத்துப் பேசுகிற பேச்செல்லாம் போயிற்று.

சயின்ஸ் சாருக்குப் பதிலாக மாற்றுப்பணியில் ஒருவர் வந்திருக்கிறார், சின்னப் பையன். மேஜை வேண்டும் என்றதால் நேற்று டிராயரை ஸ்க்ரூ டிரைவர் வைத்து நெம்பித் திறந்தோம். ஒரு சிவப்புப் பேனா, ஹால்ஸ் மிட்டாய், மார்ச் மாதம் ஒன்பதாவதுக்கு வைத்த சிலிப் டெஸ்ட் ஒரு கட்டு. 22-ம் தேதி மூடிவிட்டார்களே, அதோடு நின்றது. பாதி திருத்தியிருக்கிறார், ஒரு தாளில் பாதி டிக்கோடு பேனா நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது என்னுடைய பத்தாவது. எச்.எம். என்னையே கொடுத்துவிடச் சொன்னார். திருத்தாததைத் திருத்தாமலே கொடுத்தேன்.

இரண்டு சுற்றுப் பிள்ளைகளும் வந்துபோன பிறகு இன்று மாலை கையில் ஐந்து தாள் மீதி. ஒருவன் டி.சி. வாங்கிக்கொண்டு போனவன். ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னது, அதை எச்.எம். குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098-க்குச் சொல்லியிருக்கிறார். மற்ற மூன்றும் பெண் பிள்ளைகள், மூன்றும் ஒரே தெரு. போன் அடித்தால் எடுப்பதில்லை.

தமிழய்யா, உங்கள் ஊர் விலக்கில் ஐந்தரைக்கு நிற்கிற வேன் எங்கள் பக்கத்திலிருந்து வருகிறதா, எங்கள் பக்கம் போகிறதா? எங்கள் ஊர் பிள்ளையார் கோவில் நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா? முதல் மினி பஸ் ஆறே முக்காலுக்குத்தான். அதற்கு முன்னால் என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லி ஸ்கூட்டரை எடுக்க வேண்டும்.